என்னால் வலையில் விழுந்த வாத்து: மாகறல் பக்கம் ஒரு காலை

இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் காஞ்சிபுரத்துப் பக்கம் இறங்கியிருப்பதாக நண்பர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை 4.30க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். 6.10க்குக் காஞ்சிபுரம். மாகறல் போய், காத்திருந்து, திரும்பி வர 800 ரூபாய் என்றார் ஆட்டோக்காரர் சேகர். காலையில் ஆட்டோ, மதியத்துக்கு மேல் தறி என்று அவருக்கு இரண்டு பிழைப்பு. "பட்டுப்புடவ எடுக்க வருவாங்க, சாமி கும்பிட வருவாங்க. வாத்து பாக்க வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா!" என்று வழியெல்லாம் சிரித்தார்.

சுமார் 16 கிலோமீட்டர். ஏழு மணிக்கு முன்பே ஏரிக்கரையில் நின்றோம். இந்த வாத்துகள் இருட்டில் வயல்களில் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் தண்ணீருக்குத் திரும்பி ஓய்வெடுக்கும். நாற்பது இருக்கும், ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கின. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சுக் கால். அடடா, என்ன அழகு!

அங்கேயே நின்றிருக்கலாம். என் புத்தி கேட்டால்தானே? கிட்டே போய் ஒரு படம் எடுக்கலாமென்று சேற்றில் இறங்கினேன். இருபதடி போவதற்குள் மொத்தக் கூட்டமும் மிரண்டு எதிர்மூலையில் போய் இறங்கியது. அங்கே மீன்வலை கட்டியிருந்தது. ஒரு வாத்து சிக்கிக்கொண்டது. மற்றவை ஏரி நடுவுக்குப் போய்விட, அதன் ஜோடி மட்டும் வலையைச் சுற்றிச் சுற்றி நீந்திக் கத்தியது. நானும் சேகரும் கரையோரமாக அங்கே ஓடினோம்.

வலைக்காரர் ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாத்தை வலையோடு கரைக்குத் தூக்கி வந்தார். "கேமராவ தூக்கிக்கினு உள்ள எறங்குவீங்களா? பாருங்க இப்ப!" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கத்தியை எடுத்ததும் சேகர் தடுத்தார். "அறுக்காதபா. வல நரம்பு கால்ல இறுகிக்கினு இருக்குது, கத்தி பட்டுரும். இரு, பிரிச்சிடலாம்."

துண்டால் வாத்தின் தலையை மூடி, அதைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். அதன் நெஞ்சு என் கைக்குள் படபடவென்று அடித்தது. தறியில் சிக்கலெடுக்கிற கையல்லவா, நகத்தை நுழைத்துத் தளர்த்தித் தளர்த்தி ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தார். ஒருமுறைகூட இழுக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம். நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

விட்டதும் தண்ணீருக்குள் ஓடி ஜோடியோடு சேர்ந்தது. ஆனால் பறக்கவில்லை. பறக்க முடியாத வாத்து வயலுக்கு எப்படிப் போகும்? பட்டினிதான். பறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். "வாங்கம்மா, அது கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்" என்றார் சேகர். ஏழுமலையிடம் என் எண்ணைக் கொடுத்துவிட்டு 8.15க்குக் கிளம்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பைனாகுலர் அவசியம். கரையை விட்டு இறங்காதீர்கள். வாத்துகள் கழுத்தை நிமிர்த்தினால் உடனே பின்வாங்குங்கள். வனத்துறை எண் கையில் இருக்கட்டும், எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை.

மாலை ஏழு மணிக்கு ஏழுமலையின் போன்.

"கூட்டம் மேயக் கெளம்பிச்சு மேடம். அந்த ஜோடி மட்டும் தண்ணிலயே நின்னுக்கினு இருந்திச்சு."

"அப்புறம்?"

"அப்பறம் என்னா, பறக்குதான்னு நானும் கரைலயே நின்னு பாத்துக்கினு இருந்தேன். நான் நவுந்த அப்பறந்தான் ரெண்டும் பறந்திச்சு."