பூனைக்குக் கலந்த மருந்து

மிருக ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை எனக்கு. மாலையில் வீடுகளுக்குப் போய் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிவிட்டு வருவேன். எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு: காது, கண், நகம், சிக்கு, கடைசியில் மருந்துத் தண்ணீர்க் குளியல். நாய்க்கு எழுதிய அதே பட்டியல்தான் பூனைக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். தனியாக இருந்த ஒரு மதாம், எங்கள் ஊர்த் தமிழச்சிதான், மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கூடவே அவருடைய நீள முடி வெள்ளைப் பூனையும். தெள்ளுப்பூச்சியோடு கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்து என்னைக் கூப்பிட்டார்.

"பூனைக்குத் தலை வாரவா இவ்ளோ படிச்ச? அப்படியே எனக்கும் பேன் பாத்துட்டுப் போம்மா" என்றாள் அந்த வீட்டுச் சமையல்கார அக்கா.

சிரித்துக்கொண்டே தெள்ளுப்பூச்சிக்கான கார்பாலிக் மருந்து கலந்த தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டினேன். துவட்டி ஜன்னலோரம் விட்டதும், பூனை தோளிலிருந்து வால் வரை நிதானமாக நக்கத் தொடங்கியது. என் வேலையைச் சரிபார்க்கிறது என்று நினைத்தேன்.

அரை மணியில் வாயில் நுரை தள்ளியது. பின்னங்கால்கள் மடங்கின.

"மோன் தியே! கடவுளே!" மதாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பல்லியத் தின்னிருக்கும் மதாம். போன வருசமும் இப்டிதான் ஆச்சு. மோர் குடுத்தா சரியாப்பூடும்" என்று அக்கா உள்ளே ஓடினாள்.

நான் பேசாமல் இருந்தாலே போதும், பழி பல்லிக்குப் போய்விடும். ஆனால் பல்லி என்று நம்பினால் யாரும் முடியைக் கழுவ மாட்டார்கள். மருந்து இன்னும் முடியில்தான் இருந்தது.

"பல்லி இல்ல மதாம். நான் கலந்த மருந்து. நாய்க்கு ஒண்ணும் பண்ணல. பூனை உடம்பு பூரா நக்கும்னு நான் யோசிக்கல. உடனே கழுவணும்."

மதாம் ரவிக்கைக் கையை மடித்துவிட்டுப் பூனையைப் பிடித்துக்கொண்டார். வெறும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அக்கா கேலி பேசாமல் தண்ணீர் சுமந்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் நுரை நின்றது. பூனையின் நடுக்கம் நிற்கவில்லை.

"நாளைக்கு வந்து பாரு. சீப்பு மட்டும் கொண்டா" என்றார் மதாம், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது துண்டுக்குள்ளிருந்து ஒரு முன்னங்காலை நீட்டி, பூனை மெல்ல நக்க ஆரம்பித்தது. பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அதைத் தடுக்க எங்கள் மூவரின் கையும் ஒரே நேரத்தில் நீண்டது.