பச்சையை நம்பாத நசீமா

நசீமா மேடம் போய்விட்டார் என்று அவருடைய தம்பி இலியாஸ் போனில் சொன்னபோது, "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிறகுதான் கோபம் வந்தது. எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல், நான் வேதியியல். பக்கத்துப் பக்கத்து ஆய்வகம். இரங்கல் கூட்டத்தில் அவரை அமைதியானவர் என்றார் ஒருவர். அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது அப்பட்டமான பொய்.

ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தினால் அவர் குரல் என் ஆய்வகம் வரை கேட்கும். "வெயில அள்ளி வாயில போட்டுக்க முடியுமா? இலைதான் அத வாங்கி, தண்ணிய உடைச்சி, காத்துல இருக்கற கரியச் சேத்து, சர்க்கரையா கட்டி வெக்குது. நாம திங்கறது எல்லாம் கட்டி வெச்ச வெயிலு."

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோல் தொழிற்சாலை, சுத்திகரித்த தண்ணீரைப் பாலாற்றோரத்துக் கிராமம் ஒன்றின் ஏரியில் விட ஊர்ச் சம்மதம் கேட்டது. அந்த ஏரியை நம்பித்தான் அங்கே பயிர். மேடம் கூடாது என்றார். இலியாஸுக்கு அதே தொழிற்சாலையில்தான் வேலை.

"ஆபா, நம்ம வூட்டு சோறே தோல்லதான் வருது. ஏன் பேஜார் பண்றே?" என்றார் தம்பி.

"சோறு இலைலதான் வருது. அந்தத் தோலுக்குச் சொந்தக்கார மாடு இன்னா துன்னுச்சி, இரும்பா?" என்றார் அக்கா.

ஊர்க் கூட்டத்துக்குத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தத் தண்ணீரில் வளர்த்த வெண்டைச் செடிகளைத் தொட்டியோடு கொண்டுவந்திருந்தார்கள். பச்சைப் பசேலென்று இருந்தன. "இதுல இன்னா கொற?" என்றார் மேலாளர்.

மேடம் எழுந்தார். "பச்சையா இருக்கறது வேற, வேல செய்யறது வேற. தோலுக்குப் போடற உப்பு, சுத்திகரிச்சாலும் தண்ணிலதான் நிக்கும். வேரு அந்த உப்புத் தண்ணி குடிச்சா இலை வாயை மூடிக்கும். காத்து உள்ள போவாது. அப்பறம் சர்க்கர எங்கேர்ந்து வரும்?"

அந்தச் செடியில் ஓர் இலை, கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த செடியில் ஓர் இலை. இரண்டையும் ஸ்பிரிட்டில் வேகவைத்துப் பச்சையை நீக்கி, அயோடின் விட்டார். சர்க்கரை மாவுச்சத்தாகச் சேர்ந்திருந்தால் இலை கறுக்கும். இரண்டுமே கறுத்தன.

கூட்டம் சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "டெஸ்ட்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடுங்க மேடம்" என்று கிசுகிசுத்தேன்.

"டெஸ்ட் சரியாத்தான் இருக்குது சார்" என்றவர் மைக்கை வாங்கினார். "ரெண்டும் கறுத்துச்சி. ஒத்துக்கறேன். ஆனா உப்பு வேருல சேர நாளாவும். தொட்டி இங்கயே இருக்கட்டும். அதே தண்ணிய ஊர்க்காரங்களே காய்க்கற வரைக்கும் ஊத்தட்டும். அப்பறம் கூப்டுங்க, வர்றேன்."

காய்க்கும் சமயத்தில் மறுபடி கூடினோம். செடி அப்போதும் பச்சைதான். அயோடின் விட்டதும் கிணற்றுத் தண்ணீர் இலை கறுத்தது. மற்றது டீக்கறை பட்டது போல வெளிறிக் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மேலாளர் விடவில்லை. "தொழிலுன்னு இருந்தா கழிவு இருக்கத்தாம்மா செய்யும்."

"செடிக்கும்தான் கழிவு இருக்குது. தண்ணிய உடைக்கறப்போ மிச்சமாகி வெளிய தள்ளற ஆக்சிஜன். அந்தக் கழிவுலதான் நீங்க மூச்சு வுட்டுக்கினு பேசறீங்க. உங்க கழிவுல எது மூச்சு வுடும்?"

ஊர் சம்மதம் தரவில்லை.

மேடத்தை அடக்கம் செய்த மண் காய்வதற்குள் அந்தத் தொழிற்சாலை மறுபடி கூட்டம் கேட்டிருக்கிறது. கேட்க ஆளில்லை என்ற நினைப்பு. நான் போகிறேன். லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்கிறார் இலியாஸ். மேடத்தின் குரல் எனக்கில்லை, பேச்சுச் சாமர்த்தியமும் இல்லை. அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒன்றுதான்: தனக்குப் பாதகமாக வந்த முடிவையும் மைக்கைப் பிடித்துச் சொல்லும் துணிச்சல். இலை கறுத்தால் கறுத்தது என்பேன். கறுக்காவிட்டால், அந்த ஏரியில் ஒரு சொட்டு விட முடியாது.