றோஸ்மலரின் கணப்புக் குடில்

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், றோஸ்மலர் வீட்டு முன்னறையில் ஒரு கணப்பு இருக்கிறது. அதில் நெருப்பு எரிந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பாரிசில் ஒற்றை அறைக்குள் குடித்தனம் நடத்திவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து இந்த வீட்டை வாங்கியபோது, முன்பு இருந்தவர்கள் அதைப் பலகையால் அடைத்து வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தார்கள். கணவர் அருட்பிரகாசம் அதற்கு முன்னால் டிவியை வைத்துவிட்டு, நல்லதாகப் போயிற்று என்று இருந்தார்.

றோஸ்மலர் விடுகிற ஆளா? முதல் கிறிஸ்மஸ் வந்த டிசம்பரிலேயே, அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பலகையைக் கழற்றிவிட்டாள். எத்தனை காலத்துக் கரியோ, அவ்வளவும் அவள் தலையில் கொட்டியது. மாலையில் கதவு திறந்த கரிமுகத்தைப் பார்த்து மனிதர் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"உமக்கென்ன விசரே?"

"இதுக்குள்ள பாலன் குடில் வைக்கப்போறன்."

அவள் கண்ணுக்கு அது மாதா பாலனைப் பெற்ற குகையாகவே தெரிந்தது. பாரிசில் குடில் இருந்தது குளிர்சாதனப் பெட்டியின் தலையில். பால் எடுக்கக் கதவைத் திறந்தால் சூசையப்பர் குப்புற விழுவார். அந்தப் பாடு போதும் என்றாகியிருந்தது அவளுக்கு. ஊரில் வைக்கிற மாதிரியே மண்ணிறப் பேப்பரைக் கசக்கிப் பாறை செய்தாள். மீன் வந்த தகர ரின்களில் பயறும் கடுகும் முளைக்கவிட்டுப் புல்தரை ஆக்கினாள். கூரைக்கு வைக்கோல் வேண்டுமே? வீட்டுப் பிராணிகள் விற்கும் கடையில் முயலுக்கென்று வைத்திருந்ததை வாங்கிவந்தாள்.

பிள்ளைகளுக்கு வேறு கவலை. நத்தார் தாத்தா சிம்னியால்தான் இறங்குவார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் அவர் நேரே குடிலில் நிற்கிற மாட்டின் முதுகில் அல்லவா குதிப்பார்? சின்னவன் கொட்வின் அழுதே விட்டான். கடைசியில் அருட்பிரகாசம்தான், "தயவுசெய்து முன்கதவால் வரவும்" என்று ஆங்கிலத்தில் எழுதிச் சிம்னிக்குள் ஒட்டினார். முணுமுணுத்துக்கொண்டேதான் ஒட்டினார். ஆனாலும் என்ன அருமையான வருடங்கள் அவை! றோஸ்மலர் பாடசாலைச் சமையலறை வேலையில் நாள் முழுக்க நின்ற கால்களோடு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்பளத்தில் உட்கார்ந்து, ஆடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மூத்தவள் மெலனியும் கொட்வினும் சண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பாள். நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மெலனி கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். போன வருடம் கொட்வினும் மன்னார்ப் பிள்ளை பெனிற்றாவைக் கட்டிக்கொண்டு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊருக்குக் குடிபோனான். இந்த நவம்பரில் பெனிற்றா போன் எடுத்தாள்.

"மாமி, இந்த முறை நத்தாருக்கு எங்கட வீட்டுக்கு வாங்கோ. நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இருந்து சாப்பிட்டாக் காணும்."

அன்பாகத்தான் சொன்னாள். றோஸ்மலருக்கோ சுருக்கென்றது. வீடு பூட்டிக் கிடக்கும்போது பாலனை யார் வைப்பது, யார் பார்ப்பது?

"அப்ப இந்த முறை குடில் இல்லையே?" என்று கேட்டார் அருட்பிரகாசம்.

"ஆருக்கு? இது என்னோட முடிஞ்சுது. இனிப் பிள்ளையள் கடையில பிளாஸ்ரிக்கில ஒண்டு வாங்கி வைப்பினம். இல்லாட்டி அதுவுமில்லை."

அவருக்கும் பொறுக்கவில்லை போலும். அடுத்த நாள் ஒரு கை பயறை ஊறப்போட்டுவிட்டு, கறிக்கு என்று பொய் சொன்னார். அவள் அதைக் கறியாகவே ஆக்கிவிட்டாள். இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம் பார்க்கிங் போனார்கள். புதுக் கட்டடம், பத்தாவது மாடி. சிம்னிக்கு வழியே இல்லை, சுவரில் ஹீற்றர் மட்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னறைக்கு வந்த றோஸ்மலர் அப்படியே நின்றுவிட்டாள்.

மூலையில் டிவி வந்த பெரிய மட்டைப்பெட்டி நின்றது. அதில் சிவப்புச் செங்கல் படம் கீறி, இடையில் வெள்ளைக் கோடு இழுத்து, மேலே ஒரு தட்டும் பொருத்தியிருந்தது. உட்புறம் கரி படிந்த மாதிரிக் கறுப்புப் பெயின்ற்கூட. அதற்குள்ளே மாதா, சூசையப்பர், மாடு.

"பாருங்கோ மாமி இவற்ர கூத்தை!" பெனிற்றா சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள். "பெத்லகேமில ஆர் செங்கல்லும் சிம்னியும் வைச்சது? குகை செய்வம் எண்டா கேக்கிறாரில்லை."

கொட்வினுக்குப் பகிடி விளங்கவில்லை.

"கோயிலில குகை வைக்கட்டும். வீட்டில எண்டா பயர்பிளேசுக்குள்ளதானே அம்மா வைக்கிறது? வேற எங்க வைக்கிறது?"

இத்தனை வருடமும் தன் ஊர்க் குடிலைத்தான் வைப்பதாக றோஸ்மலர் நினைத்திருந்தாள். அவனுக்கு அது, கணப்போடு சேர்த்து, எப்போதோ அவனுடைய ஊர்க் குடிலாகிவிட்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைப் பிள்ளை, அவன் சரியாத்தான் வைச்சிருக்கிறான்."