ஒஸ்லோக்காரன்

போன சனிக்கிழமை ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதி மீன்கடை வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற இளம் தம்பதி, எந்த மீன் நல்லதென்று நோர்வேஜிய மொழியில் குசுகுசுத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவர்கள் மொழியிலேயே புகுந்து யோசனை சொன்னேன். நீங்கள் ஒஸ்லோவில் வளர்ந்தவரா என்று கேட்டார்கள். அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஒஸ்லோவிலா வளர்ந்தேன்? நான் அந்த மொழி பழகியது நோர்வேயின் வடக்கே, ஒரு தீவின் மீன் தொழிற்சாலையில். பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண்கள் சிரிக்கச் சிரிக்கப் பழகினேன். மூன்று குளிர்காலம். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத மணம் கையில். அதோடுதான் ஒஸ்லோவுக்கு வந்தேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தால், யாழ்ப்பாணத்தில் காத்திருந்த மனைவியைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் திரும்பவும் மீன்.

தொழிற்சாலையிலிருந்து என்னோடு வந்த ரவி எச்சரித்தான். "உன்ரை மீன் பக்டரிப் பேச்சை அங்கை கதையாதை. ரேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரிக் கதை."

நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ் பேசுகிற ஆட்கள் அல்லவா நாங்கள்? நோர்வேயில் அமைச்சர்கூடத் தன் ஊர்ப் பேச்சிலேயே பாராளுமன்றத்தில் பேசுவார் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இரண்டு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒஸ்லோ அறிவிப்பாளராக மாறினேன்.

நேர்முகத்தில் பொறுப்பாளர் அம்மா என் செய்தியறிக்கையை ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனையை வைத்தார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தம்பி, மூண்டு வருசம் வடக்கிலை எண்டு உங்கடை கடிதத்திலை கிடக்கு. அந்தப் பேச்சு எங்கை? இப்பிடிக் கதைச்சா இஞ்சை இருக்கிற கிழவர் எல்லாரும் நித்திரையாப் போவினம்."

வெட்கத்தில் காது சுட்டது. வேறு வழியில்லாமல் தொழிற்சாலைப் பேச்சை அவிழ்த்துவிட்டேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அடுத்த கோடையில் மனைவி வந்து சேர்ந்தாள்.

பிறகு பதினைந்து வருடம் ஒஸ்லோ. ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. ஆனால் பஸ்ஸிலும் வேலையிலும் பிள்ளைகளின் பள்ளியிலும் கேட்டது மெல்ல மெல்ல நாக்கில் ஏறிவிட்டது. அதன்பின் ரொறன்ரோ. நன்றாகத்தான் இருக்கிறோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ரவியும் இங்கே வந்து, பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிவிட்டான்.

நேற்று அவனைத் தொலைபேசியில் பிடித்து, வடக்குப் பேச்சில் நாலு வார்த்தை பேசிப் பார்ப்போமென்றேன். அவன் தொடங்கினான், நிறுத்தினான். நானும் தொடங்கினேன். இரண்டு பேர் வாயிலும் ஒஸ்லோதான் வந்தது.

"விடடா" என்றான் ரவி. அந்தத் தொழிற்சாலையைப் பூட்டியே பல வருடமாம். எனக்கு வேலையையும் மனைவியையும் தந்த பேச்சு, இப்போது எனக்கு வராது.