கமலவேணியின் கழுத்து

கமலவேணியின் கழுத்தை மலாயாவே பார்த்தது. முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. சினிமாவில் தலைகாட்டிவிட்டு ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். கழுத்தை மட்டும் காட்டிவிட்டு, அது வெளியே தெரிந்துவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள் மலாக்காவில் இவள் ஒருத்திதான்.

கஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தை, அந்தச் சின்னக் கிராமத்தை, ஒட்டி ஒரு சந்து. அதில் அம்மாவும் இவளும் ஒரு தையல் மெஷினும். அப்பா ரப்பர் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். செட்டி வீட்டுப் பெண்களுக்குக் கெபாயாச் சட்டை தைப்பது, டவுன் கல்யாணங்களுக்கு ரவிக்கை தைப்பது, இதுதான் பிழைப்பு. அந்தக் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே மலாய்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழர் வம்சம் இந்தச் செட்டிகள்; சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் மலாய். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. கமலவேணிக்கு இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. அதனால்தான் வினை வந்தது.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முந்தைய வருஷம் சிங்கப்பூரிலிருந்து ஒரு மலாய்ப் படக் கம்பெனி வந்து இறங்கியது. இயக்குநர் ராஜரத்தினம் மதராஸ்காரர். மலாய் அரைகுறை, தமிழ் பிரமாதம். கதை என்னவென்றால், பழைய மலாக்கா துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த தமிழ் வியாபாரி ஒருவன் கடலுக்குள்ளிருந்து எழுந்து வரும் ஒரு கன்னியைக் காதலிக்கிறான். தாலி ஏறினால்தான் அவள் மனுஷியாவாள். கல்யாணத்தைச் செட்டிக் கம்பத்தில் எடுத்தால் தத்ரூபமாக இருக்கும் என்று ராஜரத்தினத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆட்களிடம் பேச ஒரு நாக்கு வேண்டுமே, கமலவேணியைக் கூப்பிட்டார்கள்.

கம்பத்தில் கல்யாணக் காரியமெல்லாம் பொன்னம்மா கையில். அவளிடம் போய், படத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு வேண்டுமாம் அக்கா என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். பொன்னம்மாவுக்குப் பொய்க் கயிறு செய்து பழக்கமா என்ன? அவளுக்குத் தெரிந்தது ஒரே விதம். மஞ்சள் அரைத்துப் பூசி, கிழங்கு கட்டி, மாரியம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, தாம்பாளத்தில் அரிசி பரப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பார்த்ததும் ராஜரத்தினம் பூரித்துப்போனார். கதாநாயகியாக நடித்த மலாய்ப் பெண்ணோ, கோயிலில் வைத்துக் கும்பிட்டதை முஸ்லிமான தான் கட்டிக்கொள்ள முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ராஜரத்தினத்தின் கண் கமலவேணி மேல் நின்றது. கழுத்து மட்டும்தான், முகம் வராது, பெற்ற தாய் மேல் சத்தியம் என்றார். இவளும் சரி என்று உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டால், அத்தனை பேரும் தன்னையே பார்த்தது பிடித்திருந்தது என்று ஒளிக்காமல் சொல்வாள். கதாநாயகன் பின்னால் நின்று முடிச்சுப் போட்டான். ஒன்றோடு நிறுத்தாமல் மூன்றையும் போடச் சொன்னார் அந்தப் புண்ணியவான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூச்சு விடாதே என்றாள். இவளும் விடவில்லை.

அடுத்த வருஷம் நாடு சுதந்திரம் வாங்கியது. தோரணங்கள் இறங்குவதற்குள் கமலவேணிக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை ஜெயபாலன், பத்து பெரெண்டாம் விமானத் திடலில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வெள்ளைச் சட்டை, சுத்தமான பேச்சு, சினிமா என்றால் உயிர். நடிகனைவிட டைரக்டர்தான் பெரியவன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் வாதாடுவான். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு இவளிடமும் அதைத்தான் பேசினான். இவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. சாதாரணமாகப் பிடிக்கவில்லை, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகும் அளவுக்குப் பிடித்தது. அவன் அம்மா பாக்கியலட்சுமிதான் பயம். நல்ல மனசுக்காரி, ஆனால் தாலிக்கயிறு மாற்றுவதற்குக்கூட நாள் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுகிறவள். நிச்சயத்தன்று இவள் தலையில் பூ வைக்கும்போது பிடரியில் இருந்த இஸ்திரிப் பெட்டித் தழும்பைத் தடவி, ஐயோ பாவம் என்று வேறு சொன்னாள்.

தீபாவளிக்குப் படம் வந்தது. ஜெயபாலன் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டான். அவனுக்கு, அவன் அம்மாவுக்கு, இவளுக்கு. தலைவலி என்று படுத்துப் பார்த்தாள். போகாவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று அம்மா எழுப்பித் துரத்தினாள்.

பகல் காட்சி. கொட்டகை நிரம்பி வழிந்தது. செட்டிக் கம்பம் குஞ்சு குளுவானோடு வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தது. தங்கள் வீடு திரையில் வரும்போதெல்லாம் எழுந்து நின்று கைகாட்டினார்கள். கடல்கன்னி தண்ணீரிலிருந்து எழுந்தபோது பையன்கள் அடித்த விசிலில் காது அடைத்தது. பின்வரிசையில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருத் துணிக்கடை ஷரீஃபுதீன் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் குறை சொன்னார். நேற்றுக் கப்பலில் இறங்கிய மதராஸ்காரன் மலாக்காவுக்கே மலாக்கா கதையைச் சொல்ல வந்துவிட்டானாம், அந்தக் காலத்து வியாபாரி இப்படியா துணி கட்டுவான் என்று. ஜெயபாலன் திரும்பி, கனவுக் கதையில் துணிக்கணக்குப் பார்க்கக்கூடாது பாய் என்றான். அவரும் விடவில்லை. கமலவேணிக்கு இது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கரண்டு போகாதா, படம் அறுந்து தொலையாதா என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள்.

அம்மன் காதில் விழவில்லை. கல்யாணக் காட்சி வந்துவிட்டது. நாதஸ்வரம் நின்றது. திரை முழுக்க ஒரு பெண்ணின் பின்கழுத்து. அன்றைக்கு அப்பிய பவுடரெல்லாம் வேர்வையில் கரைந்துபோய், தழும்பு வாழை இலை அளவுக்கு விரிந்து தெரிந்தது. கமலவேணி பின்னலை இழுத்துப் பிடரியை மூடிக்கொண்டாள். பக்கத்தில் பாக்கியலட்சுமி. அந்தப் பக்கம் ஜெயபாலன். விரல்கள் முதல் முடிச்சைப் போட்டன. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. இரண்டாவது முடிச்சு. யாரோ ஒரு மலாய் அம்மா தேம்பினாள். மூன்றாவது விழுந்ததும் செட்டிப் பெண்கள் கைதட்டினார்கள். கமலவேணி மெல்லக் கண்ணைத் திருப்பினாள். பாக்கியலட்சுமி தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நல்லா இரும்மா, நல்லா இரும்மா என்று திரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அழுத கண்ணுக்குத் தழும்பு தெரியவில்லை.

விளக்கு எரிந்தது. இடைவேளை.

வெளி வராந்தாவில் கச்சாங் பூத்தே கடலை விற்பவனைச் சுற்றி ஒரே கூட்டம். தப்பித்தோம் என்று நினைத்தாள் கமலவேணி. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தை மாதம் கல்யாணம். ஷரீஃபுதீன்கூட அந்த ஒரு இடம் நன்றாக இருந்ததென்று ஒத்துக்கொண்டு போனார். ஜெயபாலன் எல்லாருக்கும் கடலை வாங்கி வந்து, பாத்தீங்களா நம்ம டைரக்டரை என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

பாக்கியலட்சுமிதான் ஆரம்பித்தாள். அழுகை அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அது நிஜக் கயிறு, நிஜ மஞ்சள், தான் பார்க்காத தாலியா? அந்த நடிகையின் கழுத்து அது இல்லை, நிறமே வேறு. வயிற்றுப்பாட்டுக்கு வந்த எந்த வீட்டுப் பெண்ணையோ உட்காரவைத்து, சினிமாவுக்காக முடிச்சுப் போட்டிருக்கிறான் பாவி. அவன் கை விளங்குமா என்று பொரிந்து தள்ளினாள்.

"மூணு முடிச்சு போட்டா போட்டதுதான். அந்தப் பொண்ண இனிமே எவன் கட்டுவான்?"

ஜெயபாலன் சிரித்தான். அம்மாவுக்குக் காலம் மாறியது தெரியவில்லை என்றான். நாடே புதுசாகிவிட்டது, இன்னும் கயிற்றைக் கட்டிக்கொண்டு அழுவதா என்றான். கலைக்காகக் கழுத்தைக் கொடுத்த பெண்ணுக்கு மாலை போட வேண்டும் என்றான். சுற்றி நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது.

"நானா இருந்தா கட்டுவேன்மா. இதுல என்னா இருக்கு, சினிமாதானே."

அந்த வார்த்தையில்தான் கமலவேணி விழுந்தாள். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை அவன் ஊதித் தள்ளிவிட்டான் என்றே நினைத்தாள். சொல்லாமல் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் பயந்து சாவதா? இவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"அத்தே, அது என் கழுத்து."

பாக்கியலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிப்போனது. இவள் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னலை ஒதுக்கி, தழும்பைப் பார்த்தாள். விரலை வைத்தும் பார்த்தாள். கூட்டத்தில் யாருக்கும் காது கேட்காதபடி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கயித்த யாரு கழட்டினா? எங்க போச்சு அது?"

படக் கம்பெனி ஆள் கத்தரிக்கோலோடு வந்ததையும், பொன்னம்மா அவன் கையைத் தட்டிவிட்டதையும் கமலவேணி சொன்னாள். கத்தரி படக்கூடாது என்று பொன்னம்மாவே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். இவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூடவே கூட்டிக்கொண்டு போய், மாரியம்மன் சூலத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தாள். இதைச் சொல்லும்போதே கமலவேணிக்கு அழுகை வந்துவிட்டது.

பாக்கியலட்சுமி கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நிச்சயத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாமா, உன் அம்மாவுக்கு எங்கே போயிற்று புத்தி என்று நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்து, முந்தானையால் இவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அம்மன்கிட்ட போயிட்டா அது அம்மனோடது. தீந்துபோச்சு. தை மாசம் கல்யாணம், அதுல மாத்தமில்ல."

கமலவேணிக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. திரும்பி ஜெயபாலனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கடலையைக்கூட வாயில் போடவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே," என்றாள்.

இந்தப் படம் இன்னும் எத்தனை ஊரில் ஓடும் என்று கேட்டான். ஆபீஸ் ஆட்களெல்லாம் பார்ப்பார்களே என்றான். அந்த நடிகன் விரல் கழுத்தில் பட்டதா, முடிச்சுப் போடும்போது தோலில் பட்டதா என்று கேட்டான். பாக்கியலட்சுமி, டேய் என்று அதட்டினாள். இப்போது தெரியாது, யோசிக்க வேண்டும் என்று முனகினான்.

"இப்பதானே சொன்னீங்க, நானா இருந்தா கட்டுவேன்னு."

"அது யாரோ ஒரு பொண்ணுலா. நீ வேற."

கமலவேணிக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. பிடித்திருந்ததே, அது அப்படியே இருந்தது, அதுதான் வலித்தது. அப்புறம் பாக்கியலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நான் அந்த யாரோ ஒரு பொண்ணுதான். இவருக்குச் சரிப்பட மாட்டேன்."

அவசரப்படாதே தாயி என்றாள் பாக்கியலட்சுமி. நான் சொன்னால் கேட்பான், கட்டுவான் என்றாள். நீங்கள் சொன்னதற்காகக் கட்டுவார், அதுதான் அத்தே பயம் என்றாள் இவள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கூட்டம் உள்ளே நகர்ந்தது. ஜெயபாலன் சைக்கிள் நிறுத்தியிருந்த பக்கம் போனான். கமலவேணி வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. எந்தக் கொட்டகையை நினைத்து இத்தனை நாள் நடுங்கினாளோ, அதற்குள்ளேயே தலைநிமிர்ந்து போய், தன் இடத்தில் உட்கார்ந்து, மிச்சப் படத்தையும் பார்த்தாள். பாதி இருட்டில் பாக்கியலட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

தை மாதக் கல்யாணம் நடக்கவில்லை. கஜா பெராங் முழுக்க விஷயம் தெரிந்துபோயிற்று. ஒளிக்க ஒன்றுமில்லாமல் போனதில் அவளுக்குப் பாரம் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். ரவிக்கை அளவு கொடுக்க வரும் பெண்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்காமல் போகமாட்டார்கள். அழுதோம் அக்கா என்பார்கள், டைரக்டர் கெட்டிக்காரர் என்பார்கள், அவன் உருப்படுவானா என்று திட்டுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெஷினை மிதிப்பாள். டைரக்டரைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று வற்புறுத்தினால்தான் வாயைத் திறப்பாள்.

"நல்ல மனுஷன்தான். ஆனா தாலி கட்டுற வரைக்கும்தான் அவருக்குக் கதை சொல்லத் தெரியும்."