ஜெபா வைத்துக்கொடுத்த குட்டி ஃபேன்

மதியம், என் மனைவி பொன்னுத்தாய்க்கு மெஷின் வாய்விட்டுக் கதை படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெபாவோடு அறையில் தங்கியிருந்த ரேவதி பேசினாள். லீவில் தூத்துக்குடி போன ஜெபாவின் ஸ்கூட்டரில் லாரி மோதிவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து, "பொன்னு" என்றேன். அவள் கையைத் தூக்கினாள்.

"இருங்க, பத்தி முடியட்டும்."

எங்கள் வீட்டுச் சட்டம் அது. போட்டவள் ஜெபா. அதனால் நின்றேன். பத்தி முடிந்து குரல் நின்றது; மெஷினின் குட்டி ஃபேன் பலமாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில்தான் சொன்னேன்.

நம் டெல்லித் தமிழர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் உங்களுக்கு அவள், மைக் மக்கர் செய்தால் ஓடிவருகிற பெண். குர்கானில் கம்ப்யூட்டர் வேலை, முப்பதைக்கூடத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் அவள் என்ன செய்தாள் என்று நம் இதழுக்கு எழுதச் சொன்னீர்கள். ஆபீசில் ஃபைல் தூக்கிய கை இது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை வியாதி பொன்னுத்தாயின் கண்ணை எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் புத்தகம் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். மகள் கீர்த்தி டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து, நாலு வரி தாண்டுவதற்குள் "ஜல்தி சொல்லும்மா, இது என்ன எழுத்து?" என்பாள். கண் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வி! நான் படித்தால் அதைவிட மோசம். "நீங்க படிக்கற வேகத்துக்கு, கதையில செத்தவன் எந்திரிச்சு வந்துருவான்" என்றாள் பொன்னுத்தாய்.

இதைக் கேட்டுச் சிரித்த ஜெபா, அடுத்த வாரம் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். மேலே ஒரு கேமரா, பக்கத்தில் பெரிய பொத்தான், உள்ளே சூடு தணிக்க ஒரு குட்டி ஃபேன். புத்தகப் பக்கத்தைக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினால் வாய்விட்டுப் படிக்கும். பொன்னுத்தாய் முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மே மாதம் வந்தது. கரோல் பாகில் எங்களுடையது மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீடு; வெயில் நேராக உள்ளே இறங்கும். மெஷின் கொதித்து, அதன் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. குரலே கேட்கவில்லை. ஜெபா ஃபேன் வேகத்தைக் குறைத்துவைத்தாள். சூடு ஏறி, குரல் இழுத்து இழுத்துப் படித்தது, பிறகு மெஷினே அணைந்துபோனது. என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. மெஷினைத் தூக்கி ஏர் கூலருக்கு நேர் எதிரே வைத்தேன். ஈரக்காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. மறுநாள் வந்து பார்த்த ஜெபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, குளிப்பாட்டி கொன்னுருவீங்க போலயே!"

"எனக்குக்கூட அவ்வளவு பக்கத்துல கூலர் வச்சதில்ல" என்றாள் பொன்னுத்தாய்.

அன்று ஜெபா மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்தாள். மெஷினைப் படிக்க விட்டு, ஃபேனின் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டினாள். என்னிடமோ கீர்த்தியிடமோ கேட்கவில்லை.

"மதினி, இப்ப வார்த்த தெளிவா இருக்கா?"

"இருக்கு தாயி."

"இப்ப?"

"லேசா மங்குது. இதுக்கு மேல வேண்டாம்."

அதுதான் எல்லை என்று வைத்துவிட்டாள். படிக்கும்போது ஃபேன் அதைத் தாண்டாது. சூடு அதற்கும் அடங்காவிட்டால், ஓடுகிற பத்தியை முடித்துவிட்டுக் குரல் நிற்கும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். ஆறியதும் விட்ட இடத்திலிருந்து படிக்கும். "நடு வாக்கியத்துல நிக்கப்படாது. பத்தி முடியட்டும், பிறகு மூச்சு வாங்கட்டும்" என்றாள்.

இன்னொன்றும் செய்தாள். சூடு சற்றுக் குறைந்ததும் ஃபேனை நிறுத்தினால் உடனே திரும்ப ஏறிவிடுமாம். நிற்பதும் சுற்றுவதுமாகவே இருக்குமாம். அதனால் நன்றாக இறங்கிய பிறகே நிற்கும்படி வைத்தாள். அந்தச் சமயம் நான் கீர்த்தியோடு ஏதோ சண்டை போட்டு, முடிந்தது என்று உட்கார்ந்து, உடனே மறுபடி கத்த எழுந்தேன். ஜெபா தலை நிமிராமல் சொன்னாள்: "ஒங்களுக்கும் இதே செட்டிங்தான் போடணும் அண்ணாச்சி. இன்னுங்கொஞ்சம் ஆறட்டும்." கீர்த்தி சிரித்துவிட்டாள். என்னாலும் அதற்கு மேல் கத்த முடியவில்லை. இன்றும் வீட்டில் என் குரல் உயர்ந்தால், "அப்பா, செட்டிங்" என்கிறாள்.

குரல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பொன்னுத்தாயும் நானும் பேச ஆரம்பித்தோம். கதையில் வந்த மாமியாரைத் திட்டுவோம். அப்படியே எங்கள் கதைக்கு வந்துவிடுவோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. ஜெபாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

போன் வந்த நாளிலிருந்து பொன்னுத்தாய் பொத்தானைத் தொடவில்லை. நான் பக்கத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். "அந்தப் பிள்ள போனப்புறம் எனக்கு என்ன கதை வேண்டிக்கெடக்கு" என்றாள். இப்போது மெஷின்மேல் துணி மூடிக் கிடக்கிறது. நேற்று, ஜெபாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மெஷின் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "அச்சாகி வந்ததும் அதுல வைங்க" என்றாள்.

இந்தப் பக்கம் அச்சாகி வந்ததும் துணியை எடுத்துவிட்டு, கேமராவுக்குக் கீழே வைத்துப் பக்கத்தில் உட்காருவேன். பொத்தானை அவள்தான் அழுத்த வேண்டும். வெயில் இன்னும் குறையவில்லை. நடுவில் எப்படியும் குரல் நிற்கும், ஃபேன் சுற்றும். ஜெபா எங்களுக்கு விட்டுப்போனது அந்த நேரம்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். மெஷின் ஆறும்வரை, அவளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.