இடக்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுவேன். ஒரு கத்தி வாங்கியதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஆலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குளிப்பாட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். எட்டு மாதத்தில் என் இடுப்பு விட்டுப்போயிற்று.

சோற்றை ஊட்டினால் வாங்கிக்கொள்வார். பழத்தை மட்டும் வாங்க மாட்டார். ஆலைக்குப் போன காலமெல்லாம் சட்டைப்பையில் மடக்குக் கத்தி வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழத்தை அறுத்துத் தின்றவர்.

"நீ அறுத்து வாயில வைக்க, நான் திங்கறதா? பல்லு மொளைக்காத புள்ளையா நானு?"

திறந்தே கிடந்த அந்தப் பழைய கத்தியை ஒருநாள் இடது கையால் பிடித்துப் பார்த்தார். முனை வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டது. நான் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அதிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சமையல் கத்தியைக் கொடுத்தால், "பொம்பள கத்தி, எடுத்துட்டுப் போ" என்று தள்ளிவிட்டார்.

என் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மடக்குக் கத்தியைக் கனிஃப் என்றுதான் சொல்வார். "சீமை கனிஃப் ஒண்ணு நான் வாங்கித் தரேன். ஒசத்தியாவே பாத்து எடு" என்றார்.

அண்ணனோடு கடைக்குப் போவதற்கு முன் மூன்று நாள், என் கணவர் தூங்கும்போது, என் வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு இடது கையால் கொய்யாப்பழம் அறுத்துப் பார்த்தேன். வெட்டும் வாய் வளைந்த கத்தியில் பழம் உருண்டு ஓடியது. நேரான வாயைப் பலகையில் வைத்து அழுத்தினால், பழத்தைப் பிடிக்க இன்னொரு கை தேவைப்படவில்லை.

கடைக்காரர் மூன்று கத்திகளை விரித்துவைத்தார். மூன்றுக்கும் கொம்புப் பிடி.

"இது ஊசி முனை. இது கிளிமூக்கு, கொடி கழிக்கறதுக்கு. இது கப்பல்காரங்க கயிறு அறுக்கறது. வாய் நேரா இருக்கும், முனை கெடையாது."

"முனையில்லாதது என்னா கத்தி? மச்சான் என்னெத்தான் திட்டுவாரு" என்றார் அண்ணன்.

"அவருக்கு இதுதாண்ணே."

நான் அதையே பலகையில் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கம்மா." வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் அதைத்தான் எடுத்தேன்.

வீட்டில் அவர் கையில் கொடுத்தேன். கொம்புப் பிடியைத் தடவினார். "நல்ல சாமானாத்தான் பாத்திருக்கே" என்றார், என் முகத்தைப் பார்த்து.

பிறகு அதைத் திறக்கப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடியை ஒரு கை பிடிக்க வேண்டும், அலகில் உள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து இன்னொரு கை இழுக்க வேண்டும். மூன்று நாளும் நான் அறுத்துப் பார்த்தது மடங்காத சமையல் கத்தியால். திறக்கும் வேலையை நான் நினைக்கவே இல்லை.

பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கினார். வலது கால் இறுக்கவில்லை. மூன்று முறை கீழே விழுந்தது. நான் எடுத்துத் திறக்கப் போனேன்.

"வேணாம். உங்கண்ணன்கிட்டயே குடுத்துடு." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த கத்தியின் அலகை இழுத்தேன். அலகு பாதியில் செங்குத்தாக நின்றுகொண்டது. அப்படியே அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. அலகைக் கட்டில் சட்டத்தில் முட்டவைத்து மீதியைத் திறந்திருந்தார்.

"பாதி தொறந்து வச்சிடு. அது போதும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரு கொய்யாப்பழத்தை நான்காக அறுத்தார். மூன்று துண்டு தின்றார், ஒன்று கீழே விழுந்துவிட்டது. பலகையைக் கழுவி வைத்துவிட்டு நான் துணி துவைக்கப் போனேன்.